மொகஞ்சதாரோ முதல் நியூஜெர்ஸி வரை – ஒரு குளியல் தொட்டியின் கதை

பதிவு எழுதி ஒன்றரை மாசம் ஆச்சு. ஆபீஸில் ஆணி அதிகம் என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். ஆனால் நிஜக் காரணம் அது இல்லை. மாடி பாத்ரூமை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். மேஸ்திரி வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க, பார்க்க ஆயிரம் கேள்விகள். ராத்திரியில் அதற்குப் பதில் தேடிப் படிக்க, படிக்க இன்னும் ஆயிரம். அதையெல்லாம் உங்கள் தலையில் இறக்கி வைக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

டைல் என்ன கலர், குழாய் என்ன டிசைன் என்பதெல்லாம் தங்கமணியின் இலாகா. அதில் எனக்கு ஓட்டுரிமை கிடையாது :-). நான் பேசப்போவது டைலுக்குப் பின்னால் இருக்கிற சமாச்சாரம் பற்றி மட்டும். ஒரு தொட்டியில் தண்ணீரை ஊற்றினால் அது அங்கேயே இருக்க வேண்டும், சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போகக் கூடாது. கேட்க இவ்வளவு சின்ன விஷயம். இதற்காக மனுஷன் நாலாயிரத்து ஐந்நூறு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்.

எங்கே ஆரம்பிப்பது? மொகஞ்சதாரோவில்தான்.

எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் "பெருங்குளம்" என்று ஒரு மங்கலான படம் போட்டிருப்பார்கள், ஞாபகம் இருக்கா? இரண்டு மார்க் கேள்வி. படித்து எழுதிவிட்டு மறந்துபோனது. இப்போது ஒரு பாத்ரூமைக் கட்டிப் பார்த்த கண்ணோடு அதைத் திரும்பப் படித்தால், அடேங்கப்பா!

சிந்து மாகாணத்தில் இருக்கும் அந்த இடத்தில் ஜான் மார்ஷல் தலைமையிலான அகழாய்வில் 1925–26ல் அது வெளியே வந்தது. சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், ஆழம் கிட்டத்தட்ட 2.4 மீட்டர். வடக்கிலும் தெற்கிலும் இறங்கப் படிக்கட்டு. இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தில் இல்லாதது, அதை எப்படிக் கட்டினார்கள் என்பது.

தரையில் செங்கல்லைப் படுக்கப் போடவில்லை. குத்துக்கல்லாக, நெருக்கமாக அடுக்கியிருக்கிறார்கள். இடையில் ஜிப்சம் சாந்து. பக்கச் சுவர்களும் அப்படித்தான். அந்தச் சுவருக்குப் பின்னால் ஏறக்குறைய ஓர் அங்குல கனத்துக்கு நிலக்கீல் பூச்சு, நம்ம பாஷையில் தார். அந்தத் தார் சரிந்துவிடாமல் அதற்கும் பின்னால் இன்னொரு செங்கல் சுவர். தரையைத் தென்மேற்கு மூலையை நோக்கிச் சரித்து, அந்த மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு வழி. அது போய்ச் சேர்வது, செங்கல்லைப் படிப்படியாக முன்னே தள்ளி அடுக்கி மேலே மூடிய, ஆள் நிற்கும் உயரமுள்ள ஒரு பெரிய வடிகாலில்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஜிப்சம். ஜிப்சம் தண்ணீரில் கரையும். உப்பு மாதிரி இல்லை, ஒரு லிட்டருக்குச் சுமார் 2 கிராம் அளவுக்குக் கொஞ்சமாகக் கரையும். ஆனாலும் கரையும். அதைப் போய்க் குளத்தில் வைப்பார்களா? செங்கல்லை இவ்வளவு துல்லியமாக அடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், கண்ணுக்குத் தெரிகிற மேற்பரப்பை அவர்கள் முழுசாக நம்பவே இல்லை. தண்ணீர் செங்கல்லைத் தாண்டி வரும் என்று எதிர்பார்த்தே, பின்னால் தாரை வைத்திருக்கிறார்கள்.

ஆக மொத்தம் மூணு ஏற்பாடு. முன்னால் காலும் கையும் படுவதற்கு ஒரு கெட்டியான பரப்பு. அதற்குப் பின்னால் தண்ணீரை நிஜமாகவே தடுக்கிற ஒரு மறைவான அடுக்கு. கடைசியில், தேங்குகிற தண்ணீர் வெளியேற ஒரு சரிவு, ஒரு வழி. இந்த மூணையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கிக் கதை முழுக்க, இதில் எதை யார் மறந்தார்கள், யார் ஞாபகம் வைத்திருந்தார்கள் என்பதுதான்.

அடுத்தது ரோமாபுரி. குளிப்பதை ஒரு ஊர்க் கச்சேரியாகவே மாற்றியவர்கள் அவர்கள். தண்ணீர்த் தொட்டிகளுக்கும் குளியல் அறைகளுக்கும் அவர்கள் பயன்படுத்திய பூச்சில் மணலோடு, அல்லது மணலுக்குப் பதிலாக, உடைந்த ஓட்டையும் பானையையும் இடித்துச் சேர்த்த சுண்ணாம்பு இருக்கும். வெறும் சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்றிலிருக்கும் கரியமில வாயு வேண்டும். தண்ணீருக்கடியில் அது இறுகாது. ஆனால் சுட்ட களிமண் தூளைச் சேர்த்தால், அதிலிருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினை புரிந்து தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற சாந்து கிடைக்கும். தத்துவம் இவ்வளவுதான். அவர்களுக்கு வேதியியல் தெரியாது, கைப்பக்குவம் தெரியும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறார்கள். தொட்டி ஒழுகினால் நடுத்தரையில் ஒழுகாது, நடுச்சுவரில் ஒழுகாது. தரையும் சுவரும் சந்திக்கிற மூலையில்தான் ஒழுகும். இரண்டும் வேறு வேறு பக்கம் அசையும், நடுவில் விரிசல் விடும். அதனால் ரோமானியத் தொட்டிகளில் அந்த மூலையைக் கூராக விடாமல் கால்வட்டமாக உருட்டிப் பூசியிருப்பார்கள். பழைய தொட்டிகளின் படங்களைப் பார்த்தால் அந்த உருட்டு தெளிவாகத் தெரியும்.

கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய விட்ருவியஸ் என்கிற ரோமானியக் கட்டடக்காரர் ஓதம் பிடித்த சுவருக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார். கொஞ்சமாக ஓதம் என்றால், கீழ் மூன்றடிக்கு மணல் சாந்துக்குப் பதில் ஓட்டுத்தூள் சாந்தைப் பூசு. சுவர் முழுக்க ஓதம் என்றால், அதைவிட்டுச் சற்றுத் தள்ளி மெல்லிதாக இன்னொரு சுவர் எழுப்பு. இரண்டுக்கும் நடுவில் அறையின் தரையைவிடத் தாழ்வாக ஒரு கால்வாய் விடு, அது வெளியே திறந்திருக்கட்டும். அதாவது, வந்த ஈரத்தோடு சண்டை போடாதே, போக வழி விடு. நம் மூணாவது ஏற்பாடு!

இங்கிலாந்தில் பாத் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வெந்நீர் ஊற்றின் மேல் ரோமானியர்கள் கட்டிய பெரிய குளம், 1.6 மீட்டர் ஆழம். அதன் அடியில் 45 கனமான ஈயத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். ரெண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது, இன்றைக்கும் அதில் தண்ணீர் நிற்கிறது. நம்ம அபார்ட்மெண்ட் பில்டர்கள் பத்து வருஷ கேரண்டி கொடுக்கவே மூக்கால் அழுவார்கள்.

ரோமாபுரியை விடுங்கள், அந்த ஓட்டுத்தூள் வித்தை நம் ஊரிலும் உண்டு. இங்கே அதற்குப் பெயர் சுர்க்கி. செங்கல்லைத் தூளாக்கிச் சுண்ணாம்போடு சேர்ப்பது. 1887ல் ஆரம்பித்து 1895ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைப் பென்னிகுவிக் கட்டியது சுண்ணாம்பு-சுர்க்கிக் கலவையில்தான். 1824லேயே இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனாலும் அணைக்கு நம்பியது சுர்க்கியை. பின்னாளில் அதைக் கான்கிரீட்டும் இரும்புக் கம்பிகளும் கொண்டு பலப்படுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் அரசியலுக்குள் நான் வரலை, ஆளை விடுங்க. செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்னாகும் என்பதற்கு மட்டும்தான் அதை இழுத்தேன்.

பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளமும் இதே குடும்பம்தான். மர உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். மேலே தட்டோடு. தட்டத் தட்ட ஜல்லிக்கு நடுவிலிருக்கும் இடைவெளி மூடி, தளம் இறுகும். மழைத் தண்ணீர் ஓடிவிடச் சரிவு கட்டாயம். அதில் போனது பணத்தைவிட உழைப்பும் பொறுமையும்.

சரி, தொட்டிக்கு வருவோம்.

அமெரிக்காவில் 19ம் நூற்றாண்டில் வசதியானவர்கள் வீட்டுத் தொட்டி என்பது ஒரு மரப்பெட்டி. உள்ளே ஈயம், துத்தநாகம் அல்லது செம்புத் தகடு அடித்திருப்பார்கள். இங்கே ஒரு சுவையான கதை. 1917 டிசம்பர் 28ம் தேதி ஹெச்.எல்.மென்கென் என்கிற பத்திரிகையாளர் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் முதல் குளியல் தொட்டி 1842ல் சின்சினாட்டியில் வைக்கப்பட்டது, டாக்டர்கள் உடம்புக்குக் கெடுதல் என்று எதிர்த்தார்கள், ஜனாதிபதி ஃபில்மோர் வெள்ளை மாளிகையில் ஒன்று வைத்த பிறகுதான் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று விலாவாரியாக. மஹோகனி மரத்துக்குள் ஈயத் தகடு என்கிற விவரம் வரைக்கும் போட்டிருந்தார்.

அத்தனையும் கப்ஸா! போர்க்காலத்தில் சும்மா சிரிக்க எழுதியது. ஊரே நம்பிவிட்டது. புத்தகங்களில் ஏறியது. 1926ல் "ஐயா, நான் விட்டது ரீல்" என்று அவரே எழுதினார். அப்புறமும் நிற்கவில்லை. இப்போதும் எங்கேயாவது யாராவது ஃபில்மோரின் தொட்டியைப் பற்றி சீரியஸாக எழுதிக்கொண்டிருப்பார்கள். நம்ம ஃபார்வர்ட் மெயில்களுக்கெல்லாம் தாத்தா இவர்தான். கதை பொய்யானாலும் மரமும் ஈயமும் அந்தக் காலத்தில் நிஜமாகவே இருந்தவை, அதனால்தான் அவ்வளவு சுலபமாக எடுபட்டது.

நிஜமான திருப்பம் 1883ல். விஸ்கான்ஸினில் ஷெபாய்கன் என்ற ஊரில் ஜான் மைக்கேல் கோலர் என்பவர் பண்ணைக்கான வார்ப்பிரும்புச் சாமான்கள் செய்துகொண்டிருந்தார். குதிரை தண்ணீர் குடிக்கவும், பன்றியை வெந்நீரில் முக்கவும் பயன்படுகிற ஒரு தொட்டி. அதைப் பழுக்கக் காய்ச்சி, மேலே கண்ணாடித் தூளைத் தூவி உருக வைத்தார். எனாமல். நாலு கால் வைத்தால் மனுஷன் குளிக்கவும் ஆகும் என்று விற்றார்கள். பன்றித் தொட்டிக்குக் கால் முளைத்ததுதான் இன்றைய பாத்டப். (தங்கமணியிடம் இதைச் சொன்ன அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பயங்கர அமைதி.)

இரும்பின் மேல் கண்ணாடி. இதில் ஒரு சொட்டு கசியாது. தொட்டி என்ற அளவில் பார்த்தால் பிரச்சினை தீர்ந்தது. நாலாயிரம் வருஷத்துப் போராட்டம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. கசிவு தீரவில்லை, இடம் மாறியது.

நாலு கால் தொட்டி அறை நடுவில் நின்றது. தண்ணீர் வெளியே தெறித்தால் தரையில் தெரியும், துடைக்கலாம், காயும். அடியில் காற்றோட்டம் உண்டு. அப்புறம் அடியில் பெருக்க முடியவில்லை, அழுக்கு சேர்கிறது, இடத்தை அடைக்கிறது என்று தொட்டியைச் சுவரோடு ஒட்டிப் பதிக்க ஆரம்பித்தார்கள். முன்பக்க மறைப்போடு ஒரே வார்ப்பாக வந்த பதிக்கும் தொட்டியை கோலர் கம்பெனி 1911ல் கொண்டுவந்தது. மூணு பக்கம் சுவர், ஒரு பக்கம் மறைப்பு. பார்க்க லட்சணம். மேலே ஷவரும் வந்து சேர்ந்தது. இப்போது தண்ணீர் தொட்டியில் மட்டும் விழுவதில்லை, சுவரில் அடிக்கிறது. சுவரிலிருந்து வழிந்து தொட்டியின் விளிம்புக்கு வருகிறது. விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கோடு. ரோமானியன் உருட்டிப் பூசினானே, அதே மூலை! அந்தக் கோட்டுக்குப் பின்னால் நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆரம்ப காலத்தில் சுவரை ஒழுங்காகத்தான் செய்தார்கள். மரச்சட்டத்தின் மேல் தார்க் காகிதம், அதன் மேல் கம்பி வலை, அதன் மேல் கனமான சிமெண்ட் சாந்து, அதில் டைல். நல்ல கைக்காரன் வேண்டும், நாள் பிடிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகள் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தது. 1950களில் மெல்லிசாகப் பூசி டைல் ஒட்டுகிற சாந்து வந்தது. கனமான சாந்துக்குப் பதில், ஏற்கெனவே வீடு முழுக்க அடித்துக்கொண்டிருந்த ஜிப்சம் போர்டையே பாத்ரூமிலும் அடித்து அதன் மேல் டைலை ஒட்டினார்கள். ஈரம் தாங்கும் என்று பச்சைக் காகிதம் சுற்றிய ரகம் ஒன்றும் வந்தது. உள்ளே இருப்பது அதே ஜிப்சம்.

பாருங்க, மொகஞ்சதாரோக்காரனும் ஜிப்சம், இவர்களும் ஜிப்சம். அவன் பின்னால் தார் வைத்தான், இவர்கள் வைக்கவில்லை. அமெரிக்காவின் மாதிரி வீட்டுக் கட்டட விதிகள் தொட்டிக்கும் ஷவருக்கும் பின்னால் பச்சை போர்டில் டைல் ஒட்டக் கூடாது என்று விலக்கியது 2006ம் ஆண்டுப் பதிப்பில்தான்.

எங்கள் வீடு 1960களில் கட்டியது. தொட்டி அந்தக் காலத்து வார்ப்பிரும்பு. சுவரை மட்டும் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் 1990களில் யாரையோ வைத்து மாற்றியிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது, வெள்ளை டைல் பளபள. மேஸ்திரி (ஈக்வடார்காரர், முப்பது வருஷ அனுபவம்) கடப்பாரையை வைத்து நெம்பியதும், கீழ் வரிசை டைல் பூராவும் கையோடு வந்தது. பின்னால் பச்சை போர்டு டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி. அதற்குப் பின்னால் மரச்சட்டங்களின் அடிப்பாகம் கரிக்கட்டை நிறம். தரைப் பலகையை விரலால் உரிக்க முடிந்தது. அடியில் ஓடும் உத்திரம் ஒன்றில் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினார், ஓர் அங்குலம் உள்ளே போனது.

காரணம் அந்த ஒரு கோடு. தொட்டிக்கும் டைலுக்கும் நடுவில் சிலிகான் வைக்காமல், டைலுக்கு நடுவில் பூசுகிற கிரவுட்டையே பூசியிருக்கிறார்கள். மரமும் இரும்பும் வேறு வேறாக அசைய, அது தலைமுடி அளவுக்கு விரிந்திருக்கிறது. தினமும் நாலு ஸ்பூன் தண்ணீர் உள்ளே போயிருந்தாலே போதும், இருபது வருஷத்தில் மரம் என்ன பாடு படும்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொட்டியின் எடை சுமார் 140 கிலோ. நிரப்பினால் தண்ணீர் 150 லிட்டர், அதாவது 150 கிலோ. உள்ளே ஓர் ஆள் 70 கிலோ. மொத்தம் 360 கிலோ, அந்த இற்றுப்போன உத்திரத்தின் மேல். நேர் கீழே எங்கள் சமையலறை. அங்கே உட்கார்ந்துதான் பையன் ஹோம்வொர்க் செய்வான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அம்மா இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஊர் பாத்ரூம் மேல் எப்பவுமே ஒரு இளக்காரம். தொட்டிக்குள் ஒரு வாளி, ஒரு சொம்பு வைத்துத்தான் குளிப்பார்கள்.

"ஏன்டா, தண்ணி வெளில சிந்தினா வீடே உளுத்துப் போயிடுமா? இது என்ன வீடு?"

சிரிப்பாக இருந்தாலும் அம்மா கேட்டது சரியான கேள்வி. நம் ஊரில் பாத்ரூம் அறையே ஒரு தொட்டிதான். வாசலில் ஒரு தடுப்பு, தரையில் சரிவு, மூலையில் தண்ணீர் போக ஓட்டை. கொட்டு, கழுவு, தள்ளிவிடு. செங்கல்லும் கான்கிரீட்டும் உளுக்காது. ஆனால் நம் ஊர் அபார்ட்மெண்ட்களில் அதே கசிவு கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில் மேப் வரையும். அசோசியேஷன் மீட்டிங் கைகலப்பில் முடியும். கீழே இறக்கிப் போட்ட பாத்ரூம் தளத்தில் வாட்டர்ப்ரூஃபிங் செய்து, தண்ணீர் கட்டி வைத்துச் சோதித்த பிறகே டைல் போட வேண்டும் என்பது எல்லாக் கொத்தனாருக்கும் தெரியும். அவசரத்தில் முதலில் அடிபடுவது அந்தத் தண்ணீர் கட்டுகிற நாள்தான்.

எங்கள் மேஸ்திரி என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் உளுத்ததையெல்லாம் அறுத்து எடுத்து, உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் புது மரம் சேர்த்துக் கட்டினார். புதுத் தொட்டி அக்ரிலிக், லேசு. லேசு என்பதால் ஏறி நின்றால் அடிப்பக்கம் அமுங்கும். அமுங்கினால் விளிம்பு அசையும், அசைந்தால் கோடு விரியும். அதனால் அடியில் சாந்தைக் கொட்டி அதன் மேல் தொட்டியை உட்கார வைத்தார். சாந்து இறுகின பிறகு கல் மாதிரி நின்றது. விளிம்பு நாலு பக்கமும் ரசமட்டத்தில் இருக்க வேண்டும். வடிகாலை நோக்கிய சரிவு தொட்டிக்குள்ளேயே இருக்கிறது, நாம் சரித்து வைக்கக் கூடாது.

அப்புறம் வடிகாலை மாட்டி, தண்ணீரை வழிவாய் ஓட்டை வரைக்கும் நிரப்பி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டார். சமையலறை சீலிங்கைத் திறந்து வைத்திருந்தோம். காலையில் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த கை. அப்புறம்தான் அடுத்த வேலை.

சுவருக்குச் சிமெண்ட் போர்டு. இது தண்ணீரில் ஊறினாலும் கெடாது. ஆனால் தண்ணீரைத் தடுக்கவும் தடுக்காது! பலரும் ஏமாறுவது இங்கேதான். அதனால் அதன் மேல் ரப்பர் மாதிரி இறுகுகிற பூச்சு, இரண்டு கை. மூலைகளில் வலைத்துணி வைத்துப் பூசினார். தொட்டியின் விளிம்பில் சுவரையொட்டி மேலே எழும்புகிற ஒரு காது இருக்கும். பூச்சு அந்தக் காதின் மேல் வந்து இறங்க வேண்டும், பின்னால் போகக் கூடாது. மேலே ஓடு கீழே ஓட்டின் மேல் ஏறி உட்காருவது மாதிரி. அப்போதுதான் டைலைத் தாண்டி வருகிற தண்ணீரும் தொட்டிக்குள்ளேயே வழியும்.

கடைசியாக அந்தக் கோடு. தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டு அதன் பிறகு சிலிகான் வைத்தார். ஏன் என்று கேட்டேன். நிரப்பும்போது பாரத்தில் தொட்டி இம்மி கீழே இறங்கும், கோடு அகலமாகும். அகலமாக இருக்கும்போது வைத்தால், காலியானதும் சிலிகான் சுருங்கி நிற்கும், பிய்யாது. காலியாக இருக்கும்போது வைத்தால் ஒவ்வொரு குளியலுக்கும் இழுபடும்.

டைலுக்குப் பின்னால் அவர் செய்த வேலைக்கு நாலு நாள் ஆனது. டைல் ஒட்ட ரெண்டு நாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் டைலைத்தான் பாராட்டுகிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் முன்னால் கெட்டியான பரப்பு, பின்னால் மறைவான தடுப்பு, தண்ணீர் போக வழி. அதே மூணு. தார் போய் ரப்பர் பூச்சு வந்திருக்கிறது, அவ்வளவுதான். தாரும் முழுசாகப் போகவில்லை. கலிஃபோர்னியாவில் ஷவர் தரைக்கு இன்றும் தாரைக் காய்ச்சித் துடைப்பத்தால் பூசுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

மொகஞ்சதாரோக் குளத்தின் இன்றைய நிலைமையையும் சொல்லாமல் முடிக்க மனசில்லை. தண்ணீரை வெளியே விடாமல் காத்த அந்தச் செங்கற்களுக்கு ஆபத்து இப்போது எதிர்த் திசையிலிருந்து வருகிறது. சிந்து நதிச் சமவெளியின் நிலத்தடி நீர் உப்பு நீர். அது ஓதமாகச் செங்கல்லுக்குள் ஏறுகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே படிகமாகி ஊதுகிறது, செங்கல் மாவாக உதிர்கிறது. யுனெஸ்கோ 1974ல் ஆரம்பித்து 1997 வரை அந்த நகரத்தைக் காப்பாற்ற ஒரு பெரிய இயக்கமே நடத்தியது. நிலத்தடி நீரைக் கீழே இறக்கக் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். 1980ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2022 ஆகஸ்டில் கொட்டிய மழையில் அந்த நகரத்தின் சுவர்கள் பலவும் சேதப்பட்டன. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் தாரைப் பூசிவிட்டுப் போன அந்தப் பேர் தெரியாத கொத்தனார் தன் வேலையை முடித்துவிட்டார். மேலேயும் கீழேயும் இருந்து வருகிற தண்ணீரைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் தலைமுறை.

பழைய சுண்ணாம்பு, சுர்க்கி, கடுக்காய் வேலை தெரிந்த கொத்தனார்கள் உங்கள் ஊர்ப்பக்கம் யாராவது இருந்தால், அவர்களிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு ஒரு பதிவு போடுங்கள் மக்களே. அளவு, பக்குவம், எத்தனை நாள் ஊற வைக்கணும், எல்லாம் விவரமாக. இந்த மாதிரி விஷயம் புத்தகத்தில் பாதிதான் இருக்கும், மீதி அவங்க கையில்தான் இருக்கு.